கண்மாய் அழிந்த ஞாயிறு

பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கண்மாய்க் கரையில் ஏறினேன். இன்னும் சரியாக வெளுக்கவில்லை. எனக்கு முன்னால் என் வீட்டுக்காரர் மீன் பிடிக்கிற மூங்கில் ஊத்தாவைக் கைத்தடி போல ஊன்றி ஊன்றி ஏறிக்கொண்டிருந்தார். கொஞ்சம் நடப்பார், நிற்பார், மூச்சு வாங்குவார். அவர் நின்றபோதெல்லாம் நானும் நின்றேன். முந்திப் போனால் கோபம் வரும் அவருக்கு.

"நாற்காலி எதுக்குடி? கல்யாண வீட்டுக்கா வந்திருக்கோம்?" என்றார் திரும்பாமலே.

"உக்காரத்தான்."

"கண்மாய் அழியிற அன்னைக்கு எவனாச்சும் நாற்காலி போட்டு உக்காருவானா? பாக்குறவுக சிரிப்பாக."

 சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று, கரையில் வேப்பமரத்தடியாகப் பார்த்து நாற்காலியைப் போட்டேன். நின்றவாறே கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

சித்திரை கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர் வற்றி வற்றி முழங்காலுக்கும் தொடைக்கும் இறங்கிய பிறகு, ஊர் கூடி ஒரு நாள் குறித்து, யார் வேண்டுமானாலும் இறங்கி மீன் பிடிக்கலாம் என்று விட்டுவிடுவார்கள். அதைத்தான் எங்கள் பக்கம் 'கண்மாய் அழியுது' என்கிறோம். முன்பு தண்டோரா போட்டார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. பிடித்த மீனை விற்கக் கூடாது, வீட்டில் குழம்பு வைக்க வேண்டும், அவ்வளவுதான் கட்டுப்பாடு.

எங்கள் கண்மாய் பெரியது. இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரையில் நிற்கிற ஆள் குச்சி மாதிரி தெரிவார். கல்லல் பக்கமிருந்தும் நாட்டரசன்கோட்டைப் பக்கமிருந்தும் குட்டியானை வண்டிகளில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் பிள்ளை, கையில் வாளி, தோளில் வலை. வலை இல்லாதவர்களிடம் கொசுவலையும் பழைய சேலையும் இருந்தன. சேறும் பாசியும் கலந்த வாடை கரை வரைக்கும் அடித்தது.

சென்ற வாரம் இந்தப் பத்தியில், எங்கள் ஊர் நூலகத்தில் மழைக்கு ஒழுகிய கூரையைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகி, "நீங்கள் எப்போதும் களைப்பாகவே எழுதுகிறீர்களே, ஊர்ப்புற நூலகருக்கு அப்படி என்ன வேலை?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. களைப்பு நூலகத்தால் வந்ததில்லை. எங்கிருந்து வந்தது என்று இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

கையில் உறுமும் பூனை

என் வீட்டுக்காரர் சேதுராமன் கல்லலில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். சுற்று வட்டாரத்தில் எந்தத் தோட்டத்தில் மோட்டார் புகைந்தாலும் இவர் கடை வாசலுக்குத்தான் வரும். சர்க்கரை இருந்தது. பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார். பார்த்துக்கொள்வதற்குள் சிறுநீரகம் இரண்டும் கையை விரித்துவிட்டன.

அதிலிருந்து திங்களும் வியாழனும் சிவகங்கைக்குப் போகிறோம். விடியற்காலை எழுந்து சோறாக்கி, பை கட்டி, பஸ் பிடித்து, அரை நாள் அவரை டயாலிசிஸ் இயந்திரத்தோடு இணைத்துவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, சாயங்காலம் தள்ளாடுகிற மனிதரைத் தாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். மற்ற நாட்களில் நூலகம். இப்படி மூன்றாவது வருடம் ஓடுகிறது.

இரத்தத்தை எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப ஏற்ற வசதியாக இடது கையில் இரண்டு இரத்தக் குழாய்களை வெட்டி ஒன்றாக இணைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே ஏதோ உறுமும். மடியில் படுத்த பூனை உறுமுமே, அந்த மாதிரி. உறுமல் நின்றால் ஆபத்து என்று சொல்லியிருந்தார்கள். அதனால் காலையில் எழுந்ததும் நான் செய்கிற முதல் வேலை, அவர் கையைத் தொட்டுப் பார்ப்பது. அந்தக் கையில் கனம் தூக்கக் கூடாது. அழுக்குத் தண்ணீர் படக் கூடாது. சீழ் வைத்தால் பிறகு ஊசி குத்த இடமில்லை.

எல்லாவற்றையும்விடக் கொடுமை தாகம். ஒரு நாள் முழுவதற்கும் ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான். குழம்பும் மோரும் அந்தக் கணக்கில் அடக்கம். மத்தியான வெயிலில் ஈரத் துணியை உதட்டில் வைத்துக்கொண்டு படுத்திருப்பார். அவர் எதிரில் நான் தண்ணீர் குடித்து நாளாகிறது. கொல்லைப்புறம் போய்க் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவேன்.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் அத்தனை பெரிய தண்ணீர்ப் பரப்புக்கு எதிரே கொண்டுபோய் உட்கார்த்தியிருந்தேன்.

பஸ்ஸில் சொன்னது

அதற்கு முந்தின வியாழக்கிழமை. சிகிச்சை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஜன்னலோரம் அவர். வழக்கமாக ஏறியதுமே கண்ணை மூடிக்கொள்வார். அன்று வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

"வள்ளி, திங்கக்கெழமை வேணாம்."

"ஏன், செவ்வாக்கெழமை வரச் சொன்னாகளா?"

"இனிமே எந்தக் கெழமையும் வேணாம். போதும்."

எனக்குப் புரிந்தது. சிகிச்சையை நிறுத்தினால் எத்தனை நாள் தாங்கும் என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். அந்தக் கூடத்தில் அப்படி நிறுத்திக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறோம். பக்கத்துப் படுக்கை ஒரு நாள் காலியாக இருக்கும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

நான் அழவில்லை, சண்டை போடவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் பலம் வேண்டியிருக்கிறது. "வீட்டுக்குப் போயிப் பேசுவோம்" என்றேன். வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை காரைக்குடியிலிருந்து மகள் செல்வி போன் செய்தபோது விஷயத்தைச் சொன்னேன். அவள் அந்தப் பக்கம் அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு கத்தரிக்காய் நறுக்கினேன்.

அன்று மாலைதான் கண்மாய் அழிகிற செய்தி வந்தது. அவர் போனில் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, பரணிலிருந்து ஊத்தாவை எடுத்துத் தரச் சொன்னார்.

"எறங்க மாட்டேன். கரையில நின்னு பாக்குறேன்" என்றார். ஊத்தா எதற்கு என்று நான் கேட்கவில்லை.

சமையற்கட்டில் விரால்

ஒன்று சொல்ல வேண்டும். நான் காரைக்குடியில் பிறந்தவள். எங்கள் வீட்டுக்கு மீன் வந்தால் துண்டு போட்டுத்தான் வரும். கல்யாணமான வருடம் இந்தக் கண்மாய் அழிந்தது. இவர் ஒரு வாளி நிறைய விராலை உயிரோடு கொண்டுவந்து சமையற்கட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். ஒன்று துள்ளி வெளியே விழுந்தது. பாம்பு மாதிரி நெளிந்துகொண்டு என்னை நோக்கி வந்தது. நான் அலறிக்கொண்டு ஆட்டுரல் மேல் ஏறிவிட்டேன்.

ஈரத் துண்டோடு ஓடிவந்தவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. அந்தக் கோபத்தில் அன்று மீன் சாப்பிடாமலே படுத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ மீன் ஆய்ந்துவிட்டேன். சாம்பலைத் தொட்டுக்கொண்டு பிடித்தால் வழுக்காது என்று அவர்தான் காட்டிக்கொடுத்தார். ஆனால் கண்மாய்க்குள் நான் ஒருநாளும் இறங்கியதில்லை. நடுவில் பல வருடம் கண்மாயும் நிறையவில்லை. உள்ளே கருவேலம் மண்டிக் கிடந்தது. போன ஐப்பசியில் பெய்த மழைக்குத்தான் மறுபடி மடை தெரியாமல் தண்ணீர் நின்றது.

வெள்ளைத் துண்டு

செல்வியும் மருமகன் ரவியும் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார்கள். ரவி வலையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றுகொண்டார். செல்வி பிள்ளைகளைத் தண்ணீர் ஓரமாக நிறுத்தி, ஆளுக்கொரு துண்டைக் கொடுத்து அயிரை அள்ளச் சொன்னாள்.

ஊர்ப் பெரியவர்கள் கரை ஐயனாருக்குச் சூடம் காட்டினார்கள். ஒருவர் மடைமேல் ஏறி நின்று வெள்ளைத் துண்டை வீசினார்.

அதற்குப் பிறகு கேட்டது மனிதச் சத்தம் மாதிரியே இல்லை. கரை மொத்தமும் சரிந்து தண்ணீருக்குள் விழுந்தது போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. எங்கே பார்த்தாலும் குனிந்த முதுகுகள். "கட்லாடா!" "விடாத, விடாத!" "ஏ, அது என் காலு!"

திரும்பிப் பார்த்தால் இவர் நாற்காலியில் இல்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊத்தாவோடு நின்றிருந்தார். முகத்தைப் பார்த்தேன். சொன்னால் கேட்கிற முகமாக இல்லை.

"எங்குட்டுப் போறீக?"

"கணுக்கால் தண்ணிதான். ஓரமா நிக்கிறேன்."

"ஓரமா நின்னு ஊத்தா குத்துவீகளா? குத்துனா எந்தக் கைய உள்ள விடுவீக?"

ஊத்தாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.  என்ன நினைத்தேனோ தெரியவில்லை. ஊத்தாவை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"உக்காருங்க. நான் எறங்குறேன்."

"நீயா? ஒனக்கு என்ன தெரியும்?"

"நீங்க இங்கேருந்து சொல்லுங்க."

வெயிலுக்காகச் சேலைமேல் அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். கொசுவத்தை ஏற்றிச் செருகிக்கொண்டு இறங்கினேன். சேறு கால்விரல் இடுக்கெல்லாம் புகுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. அடியில் வழுவழுவென்று ஏதோ காலை உரசிக்கொண்டு ஓடியது. கத்த வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

ஊத்தாவை நீங்கள் பார்த்திருக்காவிட்டால்: மேலும் கீழும் திறந்த மூங்கில் கூடை. மேல்வாய் சிறிது, கீழ்வாய் அகலம். மீன் இருக்கும் என்று தோன்றுகிற இடத்தில் சேறு வரைக்கும் அழுத்திக் குத்த வேண்டும். பிறகு மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பது கையில் படும்வரை தெரியாது.

"இங்குட்டு! இங்குட்டு வா!" கரையிலிருந்து சத்தம். "கொமிழி வருது பாரு, அங்க குத்து!"

குத்தினேன். சேறுதான் வந்தது.

"அங்குட்டு! கோரைக்குப் பக்கத்துல! ஏ, ஆட்டுக்கல்லத் தூக்குற மாதிரித் தூக்காத, சட்டுன்னு குத்து!"

மூன்று வருடமாக அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு சத்தம் வந்து நான் கேட்டதில்லை. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. இடுப்பு வலித்தது. போதும் என்று ஏறிவிடலாமா என்றிருந்தபோது ஊத்தாவுக்குள் என் கைமேல் ஒன்று மோதியது. அமுக்கிப் பிடித்து எடுத்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபி மீன்.

"ஜிலேபிங்க!" என்று தூக்கிக் காட்டினேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கைதட்டினார்.

அப்புறம் ஒரு கெண்டை. அப்புறம் குறவை ஒன்று. விரால் ஒன்று கைக்குள் முழுசாக வந்து, என்னைப் பார்த்துவிட்டு, நழுவிப் போனது. "வழுக்க விட்டுட்டியேடி!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்குமே அழுகை வந்தது. பக்கத்தில் சேலையை வலையாக விரித்துப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "விடு தாயி, அது நம்மளுக்குக் குடுத்து வக்கல" என்று தேற்றினார். நாட்டரசன்கோட்டைப் பக்கமாம்.

கெளுத்தி

இடுப்புவரை நனைந்திருந்தேன். கரையிலிருந்து கொஞ்சம் விலகி வந்திருக்கிறேன் என்பதே தெரியவில்லை. ஊத்தாவைக் குத்தினேன், கையை விட்டேன். கனமாக ஏதோ பட்டது. அவசரமாக அமுக்கினேன்.

கட்டைவிரலுக்கு அடியில் தீயை வைத்தது போல இருந்தது. கையை வெளியே இழுத்தால் மீனும் சேர்ந்து வந்தது. கெளுத்தி. அதன் முள் என் உள்ளங்கைச் சதையில் ஏறி நிற்க, மீன் தொங்கிக்கொண்டு துள்ளியது. ஒவ்வொரு துள்ளலுக்கும் வலி தோள்வரை போய் வந்தது. ஊத்தாவை விட்டுவிட்டேன். கண் இருட்டியது. உட்கார்ந்துவிட்டேன் என்று நினைக்கிறேன், தண்ணீர் கழுத்துக்கு வந்ததால்.

"அப்பா! எறங்காதீகப்பா!" செல்வியின் குரல் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் வந்துகொண்டிருந்தார். இடது கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கிக்கொண்டு, வலது கையால் ஆட்களை விலக்கிக்கொண்டு, சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வந்துகொண்டிருந்தார். கரை ஏறவே நின்று நின்று ஏறிய மனிதர் எங்குமே நிற்கவில்லை.

"எதுக்கு வந்தீக?" என்று கத்தினேன். "போங்க அங்குட்டு! தண்ணி படப்போகுது!"

"வாய மூடு. கைய ஆட்டாத."

குனிந்து, மீனின் தலையை வலது கையால் அமுக்கினார். அதன் துள்ளல் நின்றது. ஒரு கையால் அவரால் முள்ளை உருவ முடியவில்லை. இடது கையை இறக்கப் போனார்.

"ஐயோ, எறக்காதீக!" என்றேன்.

நாட்டரசன்கோட்டை அம்மா சேலையை விட்டுவிட்டு வந்து என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இவர் முள் ஏறிய போக்கிலேயே ஒரே இழுப்பாக உருவினார். ரத்தம் வந்தது. மீன் தண்ணீரில் விழுந்து போயே போய்விட்டது.

"அண்ணே, கைய ஏன் மேலயே தூக்கி வச்சிருக்கீக?" என்று கேட்டார் அந்த அம்மா.

"நேத்திக்கடன் ஆத்தா" என்றார் இவர் முகம் மாறாமல்.

அந்த அம்மா பயபக்தியாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரவி வந்து எங்கள் இருவரையும் ஆளுக்கொரு பக்கமாகத் தாங்கிக் கரையேற்றுகிறவரை அவர் கை இறங்கவே இல்லை. செல்வி ஓடிவந்து அந்தக் கையைத்தான் முதலில் பார்த்தாள். சேறு ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. தொட்டுப் பார்த்துவிட்டு, "உறுமுதும்மா" என்றாள்.

குழம்பு

வீட்டுக்கு வந்து தாங்குகிற அளவு சூடான வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செல்வி சமைத்தாள். ரவி பிடித்தது, பிள்ளைகள் அள்ளிய அயிரை, என்னுடையவை என்று சட்டி நிறைந்துவிட்டது. இவருக்கு ஒரு துண்டுதான் போடலாம். என் ஜிலேபியைத்தான் போட வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முள்ளை ஒன்று விடாமல் உறிஞ்சினார்.

திங்கட்கிழமையைப் பற்றி யாரும் பேசவில்லை. செல்வி கிளம்பும்போது வாசலில் என்னைக் கட்டிக்கொண்டு, "அப்பா என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். "ஒண்ணும் சொல்லல" என்றேன். அன்று எனக்குக் கேட்கவும் தெம்பில்லை. படுத்தேன்.

திங்கட்கிழமை

கண் விழித்தபோது வெயில் வந்திருந்தது. சோறாக்கவில்லை, பை கட்டவில்லை. என் கை மணிக்கட்டு வரைக்கும் வீங்கிப் பளபளவென்றிருந்தது. உடம்பு கொதித்தது.

அவர் சட்டை போட்டு, தலை சீவி, வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பை.

"கெளம்பு. கையக் காட்டிட்டு வருவோம்" என்றார்.

"இங்கேயே ஒரு ஊசி போட்டுக்கிறலாம்."

"சிவகங்கைக்கே போவோம். ஒனக்குத்தான் போறோம், எனக்கில்ல."

பையை வலது தோளில் அவரே மாட்டிக்கொண்டார். பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்கார்த்தினார். ஆஸ்பத்திரியில் புறநோயாளிகள் வரிசையில் என்னோடு நின்றார். எங்களைத் தெரிந்த நர்ஸ் ஒருவர், "என்னய்யா, உங்க வார்டு அங்குட்டுல்ல இருக்கு?" என்று கேட்டதற்கு, "மொதல்ல இவளப் பாருங்கம்மா" என்றார்.

கையைக் கீறி, உள்ளே ஒடிந்திருந்த முள் நுனியை எடுத்தார்கள். கட்டுப் போட்டு ஊசி போட்டார்கள். வெளியே வந்தபோது தாழ்வாரம் சுற்றியது. வழக்கமாக நான் காத்திருக்கிற பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த நர்ஸ் மறுபடி அந்தப் பக்கமாக வந்தார்.

"அய்யா, உங்க படுக்கை காலியாத்தான் இருக்கு. வந்தது வந்தீக, ஏறிப் படுத்திருங்க."

அவர் என்னைப் பார்த்தார்.  இந்த ஒரு விஷயத்தில் அவருக்காக நான் சொல்லக் கூடாது என்று இருந்தது. சொல்லக்கூடிய நிலையிலும் இல்லை. சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் போனது என்று தெரிந்துகொள்வதற்குள் தூங்கிவிட்டேன்.

அப்படித் தூங்கி எத்தனையோ நாளாகியிருந்தது. கனவுகூட வரவில்லை.

விழித்தபோது தாழ்வாரத்தில் வெயில் அந்தப் பக்கச் சுவருக்குப் போயிருந்தது. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இடது கையில் புதிதாகப் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. வலது கையில் ஒரு டீ கிளாஸ்.

"எப்ப வந்தீக?"

"இப்பத்தான்."

"எழுப்ப வேண்டியதுதானே?"

"எந்திரிப்பேன்னு பாத்தேன்." கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "வியாழக்கெழமை கொஞ்சம் வெள்ளனவே வரச் சொன்னாக" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். கிளாஸை என் நல்ல கையில் கொடுத்தார். டீ மேலே தடித்து ஆடை கட்டி, பச்சைத் தண்ணீராக ஆறிப்போயிருந்தது. அவர் எதிரிலேயே கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.